அர்டிஸ் உட்கார்ந்த இரண்டு மணி நேரம்

அர்டிஸ் ஃபோஸ் பிறந்தபோது டாக்டர் கைகூடக் கழுவி முடித்திருக்கவில்லை என்று அவளுடைய அம்மா சொல்வாள். அது குறைத்துச் சொன்னது. டாக்டர் அப்போது இன்னும் காரையே நிறுத்தியிருக்கவில்லை.

அறுபத்தொரு வயதிலும் அந்த அவசரம் அவள் காலைவிட்டு இறங்கவில்லை. எங்கள் ஊரான வில்லோ ஃபோர்க்கில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். சாலையில் பனி தள்ளும் வண்டி வரும்வரை காத்திருக்க முடியாமல் பேருந்தின் மூக்கில் தானே ஓர் இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த வருடம் பனி வண்டிக்காரர் வேலையில்லாமல் மீன் பிடிக்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் எழுந்து போய்த் தேவாலயத்து நிலவறைக் குழாயைப் பழுது பார்ப்பாள். அந்தக் குழாய் அதுவரை ஒழுகியதே இல்லை. அவள் பழுது பார்த்த பிறகுதான் ஒழுகியது.

ஒன்றை ஆரம்பிப்பதில் மொன்டானாவிலேயே அவளுக்கு இணை கிடையாது. முடிப்பதுதான் வராது. அவள் வீட்டின் மூன்று பக்கம் மஞ்சள், வடக்குப் பக்கம் பழைய பச்சை. வண்டிக் கொட்டகையின் விட்டத்தில் ஒரு படகு தொங்குகிறது. இடது பக்கம் பலகை உண்டு, வலது பக்கம் எலும்பு மட்டும். மகளின் கல்யாணத்துக்கென்று ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்தாள். மகளுக்குப் பிறந்த பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள், போர்வை இன்னும் முழங்கால்வரைதான் வருகிறது. எங்கள் ஊரில் பாதியில் நிற்கும் எதற்கும் 'அர்டிஸ் வேலை' என்று பெயர். இது அவளுக்கும் தெரியும். சிரிப்பாள். ஆனால் சிரிக்கும்போது கை எதையாவது தேடும்.

அந்த ஜூன் மாதம் அவளுக்கு ஒரு தபால் வந்தது. இருபத்தேழு வருடமாக மூஸ் வேட்டை அனுமதிக்கான குலுக்கலில் பெயர் போட்டுவந்தவளுக்குச் சீட்டு விழுந்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்குக்கு வருடத்துக்கு மூன்றே சீட்டு. பெயர் போட்டுப் போட்டே கல்லறைக்குப் போனவர்கள் உண்டு. மூஸ் என்பது மான் ஜாதிதான், ஆனால் குதிரைக்கு அண்ணன், யானைக்கு ஏழைத் தம்பி. முகத்தைப் பார்த்தால் அதையும் அர்டிஸ்தான் செய்து பாதியில் விட்டுவிட்டாள் என்று தோன்றும்.

மறுநாள் காலை ரூபியின் காப்பிக்கடையில் பாதி ஊர் கூடியிருந்தது. அர்டிஸின் கணவன் லைல் ஆப்பிள் கேக் தின்றுகொண்டிருந்தான். லைல் நாற்பது வருடம் சரக்கு ரயில் ஓட்டியவன். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், ஒருமுறை வாத்து வேட்டைக்குப் போனபோது அவன் தொப்பியில் ஒரு குருவி கூடு கட்டத் தொடங்கியது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"என் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ," என்றான் லைல்.

"உன் துப்பாக்கி உன் கைக்குச் செஞ்சது. என் கைல அது படகுத் துடுப்பு மாதிரி இருக்கு."

அது உண்மை. அர்டிஸ் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. பதினான்கு வயதில் அப்பாவின் துப்பாக்கியைத் தூக்கி, கட்டையின் அடி அக்குளில் மாட்டிக்கொள்ள, நாற்பது அடி தூரத்தில் நின்ற மானைவிட்டுப் பக்கத்து வயல்காரனின் தண்ணீர்த் தொட்டியைச் சுட்டவள். அண்ணன்கள் மூவரும் சாகும்வரை அவளைத் 'தண்ணித்தொட்டி' என்றே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கைக்கு வந்த துப்பாக்கி எல்லாம் ஆறடி ஆண்களுக்கென்று செய்ததுதான்.

"அப்ப கடைல சின்னதா ஒண்ணு பார்ப்போம்," என்றான் லைல்.

"வேண்டாம். நானே ஒண்ணு செஞ்சு முடிச்சு, அதாலதான் சுடுவேன். முடிக்கலேன்னா சீட்டத் திருப்பி அனுப்பிடறேன்."

கடையில் இருந்த எல்லோருக்கும் காதில் விழுந்தது ஒரே சொல்தான்: முடிச்சு.

மூலையில் இருந்த டெல்பர்ட் குசேரா தொண்டையைச் செருமினான். துப்பாக்கி பழுது பார்ப்பது அவன் தொழில். "திருப்பி அனுப்பறதுக்குத் தபால்தலை நான் வாங்கித் தரேன், அர்டிஸ். இப்பவே வாங்கி வெச்சிரட்டுமா?"

"ரெண்டா வாங்கு. ஒண்ண உன் வாய்ல ஒட்டிக்க," என்றாள் அர்டிஸ். காப்பியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போனாள். நான் அவள் மிச்சத்தைக் குடித்தேன். நாற்பது வருடப் பழக்கம். எங்கள் நட்பே அப்படித்தான் ஓடுகிறது.

ஆண் மூஸ்கள் துணை தேடி மதம் பிடித்துத் திரிவது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும்தான். அதற்குப் பிறகு ஆற்றங்கரைச் சதுப்புக்குப் போகும் பாதையைப் பனி மூடிவிடும். ஆக, அவளுக்கு இருந்தது பதினாறு வாரம்.

படகுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி ஒன்றின் இரும்புக்கூடு பதினைந்து வருடமாகக் கிடந்தது. குண்டு ஏறி உட்காரும் அறையும், கதவுத் தாழ்ப்பாள்போல இழுத்துத் தள்ளும் போல்ட்டும் அதில் அடக்கம். யாரோ செத்த வீட்டு ஏலத்தில் வாங்கியது. அதற்குப் புதுக் குழல் பொருத்துவது உயிர் சமாச்சாரம் என்பதால் அந்த வேலையை டெல்பர்ட்டிடம் விட்டாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே செய்தான், நன்றாகவே செய்தான். மரக்கட்டை மட்டும் அவள் பொறுப்பு.

முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணுவரை நான்தான் தையல் நாடாவால் அளந்தேன்.

"பன்னெண்டே கால் அங்குலம்," என்றேன்.

"சரியாப் பாருடி."

"சரியாத்தான் பாத்தேன். நீ ஆடிட்டே இருந்தா அளவு மாறாம என்ன செய்யும்? கடைத் துப்பாக்கியெல்லாம் பதிமூணே முக்கால். ஒன்றரை அங்குலத்துக்கு உன் வாழ்க்கையே வீணாப் போச்சு போ."

அவள் சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணித்தொட்டி என் தப்பில்ல பாத்தியா," என்றாள்.

வால்நட் பலகை ஒன்று ஓரிகானிலிருந்து வந்தது. தேன்நிறம், நடுவே புகைபோல ஓடும் கறுப்பு வரிகள். வந்த அன்றே வரைந்து, வந்த அன்றே அறுத்தாள். மிஞ்சிய ஒரு மூலைத் துண்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆடிக்கொண்டிருந்த சமையலறை மேசைக் காலுக்கு அடியில் செருகினாள். "உட்காந்து பேசவே முடியல, இந்த ஆட்டத்துல," என்றாள். உட்கார்ந்து பேசாததற்கு மேசைதான் காரணம் என்பதுபோல.

இரும்பை மரத்தில் பதிக்கும் வேலை எப்படியென்றால், இரும்பை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைக்க வேண்டும். மரத்தில் குடைந்த பள்ளத்தில் வைத்து ஒரு தட்டு தட்டி எடுக்க வேண்டும். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் சுரண்டியால் மயிரிழை எடுக்க வேண்டும். மறுபடி புகை, மறுபடி தட்டு, மறுபடி சுரண்டல். இப்படி நானூறு தடவை, ஐந்நூறு தடவை. பள்ளம் முழுவதும் ஒரே சீராகக் கறுப்பு விழுந்தால் பொருந்திவிட்டது என்று பொருள். அந்தக் கோடையில் ஃபோஸ் வீட்டில் கறுப்பு விழாதது ஒன்றுமில்லை. தொலைபேசி, குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடி, பூனையின் நெற்றி, லைலின் காது. லைல் காதை அவள் எதற்குத் தொட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு விசித்திரம் அப்போது என் கண்ணில் பட்டது. சுரண்டும்போது மட்டும் அவள் எழுந்திருப்பதில்லை. ஸ்டூலில் ஒரு கால் மடித்து உட்கார்ந்து, கர்ர் கர்ர் என்று இழுத்துக்கொண்டே இருப்பாள். காப்பி ஆறிப்போகும், வெயில் கொட்டகையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போகும், அவள் தலை நிமிராது. சுரண்டியைக் கீழே வைத்த மறுகணம் பழைய அர்டிஸ். எழுந்து நடந்து, கதவைத் திறந்து மூடி, 'போதும்னு நினைக்கறேன், அடுத்தது ஆரம்பிக்கலாம்' என்பாள்.

ஆகஸ்ட் கடைசியில் அந்த 'அடுத்தது' வந்தது. எவ்வளவு பொருத்தினாலும் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். சுடும்போது இரும்பு அதில் அசைந்தால் குண்டு தடம் மாறும். அதனால் பள்ளத்தில் எப்பாக்ஸி பசையைத் தடவி, இரும்பை அதில் உட்காரவைத்து, பசை இறுகியதும் இரும்பைக் கழற்றி எடுப்பார்கள். இரும்பின் அச்சு அப்படியே கல்லாக நிற்கும். கழற்ற வருவதற்கு ஒரே ஒரு முன்னேற்பாடு தேவை. பசை ஒட்டாமலிருக்க இரும்பின் மேல் முதலில் மெழுகோ ஷூ பாலிஷோ நன்றாகப் பூச வேண்டும். துப்பாக்கி செய்கிறவர்கள் இதைப் பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

அர்டிஸ் பாலிஷ் டப்பாவைத் திறந்தாள். துணியில் தொட்டாள். கதவோரம் லைலின் ஞாயிற்றுக்கிழமை ஷூ ஜோடி தூசியோடு கிடந்ததைப் பார்த்தாள். கையில்தான் பாலிஷ் இருக்கிறதே என்று அதை எடுத்துப் பளபளவென்று துடைத்தாள். டப்பாவை மூடினாள். பாலிஷ் போட்டாயிற்று என்று மனது குறித்துக்கொண்டது. பசையைக் குழைத்தாள், தடவினாள், இரும்பை வைத்து அழுத்தினாள்.

மறுநாள் காலை எனக்குத் தொலைபேசி வந்தது. "வா" என்ற ஒரே சொல்.

போனேன். டெல்பர்ட் முன்னமே வந்திருந்தான். துப்பாக்கியை இப்படியும் அப்படியும் திருப்பினான். திருகாணிகள் கழன்றன. இரும்பு அசையவில்லை.

"பாலிஷ் போட்டியா?" என்றான்.

"போட்டேன்."

"எங்க?"

அர்டிஸ் கதவோரம் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ஷூக்கள் மின்னின.

லைல் சொன்னான்: "நல்லாத்தான் போட்டிருக்க."

"கோடாலியால பிளந்தாத்தான் வருமா?" என்று அர்டிஸ் டெல்பர்ட்டிடம் கேட்டாள்.

"அவசரப்படாத. குளிர வெச்சா இரும்பு சுருங்கும், மரம் அந்த அளவுக்குச் சுருங்காது. ஒண்ணரை நாள் கடுங்குளிர்ல போடு. அப்புறம் ரப்பர் சுத்தியால ஒரே தட்டு. வந்தா வரும்."

"வரலேன்னா?"

"தபால்தலை வாங்கிட்டேன்."

ஃபோஸ் வீட்டு உறைபெட்டியில் போன வருடத்து எல்க் மான் இறைச்சி கழுத்துவரை நிறைந்திருந்தது. அதோடு பெட்டியும் சிறியது. ஊரில் ஒரு முழுத் துப்பாக்கி படுக்கும் அளவு நீளமான உறைபெட்டி ஒன்றுதான். அது லூதரன் தேவாலயத்து நிலவறையில் இருந்தது. அதன் சாவி என்னிடம் இருந்தது. இருபது வருடமாகச் சமையலறைப் பொறுப்பு என்னுடையது. அந்தச் சாவியை ஆண்டவர் எதற்கு என்னிடம் கொடுத்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த முழங்கால் போர்வையில் துப்பாக்கியைச் சுற்றினோம். சரியாகச் சுற்றிவந்தது, அந்தப் போர்வை உதவிய முதல் காரியம் அது. உறைபெட்டியில் லெஃப்ஸா ரொட்டி அடுக்குகளுக்கு மேலே, துக்க வீடுகளுக்கென்று செய்து வைத்த உருளைக்கிழங்கு பாத்திரங்களுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தோம்.

அன்று மத்தியானமே கிழவர் எய்னார் காலமானார். தொண்ணூற்றுநாலு வயது, இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு எடுக்கப் பாஸ்டர் ஜோலீன் நிலவறைக்கு வந்தார். நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். உறைபெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"இதுல துப்பாக்கி ஒண்ணு இருக்கு," என்றார் பாஸ்டர்.

"ஆமா, பாஸ்டரம்மா."

"ரொட்டிக்கு மேலயா கீழயா வெச்சீங்க?"

"மேலதான்."

"கீழ வைங்க. கனத்துல ரொட்டி நொறுங்கிடும். யாருது?"

"அர்டிஸோடது. பசை ஒட்டிக்கிச்சு. போல்ட்டு அவ வீட்டுல இருக்கு, குண்டும் கிடையாது. குளிர்ல பிரியும்னு டெல்பர்ட் சொன்னான்."

பாஸ்டர் யோசித்தார். அவரும் பள்ளத்தாக்கில் பிறந்தவர்தான். குலுக்கலில் பன்னிரண்டு வருடமாகப் பெயர் போடுகிறார். "மூஸ் சீட்டுக்கா?"

"ஆமா."

"அப்ப மேல ரெண்டு பை பட்டாணியப் போட்டு மூடுங்க. எய்னாரோட தங்கச்சி ஐஸ் எடுக்க வருவா, அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி." மூடியைச் சாத்தினார். "நாளைக்குப் பிரியலேன்னா சொல்லுங்க. ஜெபம் பண்ணலாம். எப்பாக்ஸிக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல, இருந்தாலும் பண்ணலாம்."

அடக்கம் முடிந்த மறுநாள் காலை நிலவறைத் தரையில் கம்பளம் விரித்து வேலை நடந்தது. லைல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்தால் கிரேன் பிடித்த மாதிரி. டெல்பர்ட் ரப்பர் சுத்தியை ஓங்கினான். அர்டிஸ் பார்க்க முடியாமல் குழாய்ப் பக்கம் போய் எதையோ திருகினாள். ஒரு தட்டு, ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டு. மூன்றாவதில், ஏரியில் ஐஸ் விரிசல் விடுவதுபோல் ஒரு முறிவுச் சத்தம். இரும்பு கையோடு வந்தது. கூடவே கட்டையின் மேல்புறத்தில், பெருவிரல் படிகிற இடத்தில், பாதாம் பருப்பு அளவுக்கு மரமும் பெயர்ந்து இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அர்டிஸ் அந்தக் காயத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வெளியே போய்த் தேவாலயத்தை நாலு சுற்று சுற்றினாள். திரும்பி வந்து, "டெல்பர்ட், அந்தத் தபால்தலையக் குடு," என்றாள்.

டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். "என்கிட்ட இல்ல. சும்மா சொன்னேன்."

"கடைல புது மரம் வாங்கு," என்றான் லைல்.

"வர்றதுக்கு மூணு வாரம். குடையறதுக்கு ரெண்டு மாசம். அதுக்குள்ள பனி விழுந்திடும். வேற மரத்தால ஒட்டுப் போட்டா நெத்தியில பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். விடு. அர்டிஸ் வேலைன்னு ஊரே சொல்லுது. ஊரு பொய் சொல்லுமா?"

அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"எழுந்திருடி," என்றேன், அவள் நின்றுகொண்டிருந்தாலும். "என் வீட்டுக்கு வா."

என் சமையலறையில் குனிந்து மேசைக் காலுக்கு அடியிலிருந்து அந்த மூலைத் துண்டை உருவினேன். அதே பலகை. அதே தேன்நிறம், ஓரத்தில் அதே புகை வரி. மேசை ஒருபக்கம் சாய்ந்து, அதன் மேல் இருந்த சர்க்கரைக் கிண்ணம் தரைக்குப் போனது. அர்டிஸ் துண்டைப் பிடுங்கிக்கொண்டு கிண்ணத்தைத் தாண்டிக் கதவுக்கு ஓடினாள்.

ஒட்டுப் போட்டாள், வரிக்கு வரி சேர்த்து. டெல்பர்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடியும் பார்வைக்கு அகப்படவில்லை. மறுபடி பசை, இந்தத் தடவை மூன்று பேர் சாட்சியாக இரும்புக்குப் பாலிஷ். லைலின் ஷூவை நான் கையோடு கொண்டுபோய் என் வீட்டில் வைத்திருந்தேன். இரும்பு இரண்டே தட்டில் கழன்றது.

அதற்குப் பிறகு எண்ணெய். ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்து ஏற்ற வேண்டும். ஒரு பூச்சுக்கு ஒரு நாள் காய வேண்டும், மொத்தம் பன்னிரண்டு பூச்சு. மற்றவர்களுக்குப் பன்னிரண்டு நாள். காய்ந்துவிட்டதா என்று அர்டிஸ் தொட்டுப் பார்ப்பாள். விரல் ரேகை பதியும். உப்புத்தாளால் தேய்த்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியில் லைல் கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவள் அவனைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் புல் தேய்ந்து ஒரு வட்டப் பாதை விழுந்தது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

செப்டம்பர் இருபத்தெட்டில் நூறு கெஜத்தில் காகிதம் வைத்துச் சுட்டாள். மூன்று குண்டு. மூன்று ஓட்டையையும் ஒரு கால் டாலர் நாணயத்தால் மூடலாம்.

"இதோட நிறுத்திடு," என்றான் லைல். "தயவுசெஞ்சு இதுக்கு மேல அதைத் தொடாத."

"முடிஞ்சிடுச்சா?" என்று அர்டிஸ் கேட்டாள், யாரோ செய்ததைப்போல.

அவளும் லைலும் சதுப்புக்குப் போய்க் கூடாரம் போட்டார்கள். இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. லைல் ஒருவிதமாகச் சொன்னான், அர்டிஸ் ஒருவிதமாகச் சொன்னாள். இரண்டையும் சேர்த்து நான் சொல்வதுதான் சரியான கதை.

மூஸ் வேட்டையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆற்றங்கரை வில்லோப் புதருக்குள் ஓர் இடம் பிடித்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பது. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் அவள் பதினொரு முறை எழுந்ததாக லைல் எண்ணினான். அந்த வளைவில் இருந்தால் நன்றாகத் தெரியும். இல்லை, அந்த மேட்டில். காற்று மாறிவிட்டது. காலுறை நனைந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒரு பெரிய ஆண் மூஸ், உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும் இடத்துக்கு வந்து, இவள் நடந்துவரும் சத்தம் கேட்டுத் திரும்பிப் போனது. மூன்றாம் நாள், நான்காம் நாள், சேற்றில் அவளுடைய காலடி மட்டும்தான். தன் காலடியையே பார்த்து, "இங்க வேற யாரோ வேட்டைக்கு வந்திருக்காங்க," என்றாளாம்.

ஐந்தாம் நாள் வடக்கு மலை வெளுத்துவிட்டது. ராத்திரி கனத்த பனி என்று வானொலி சொன்னது. விழுந்தால் பாதை மூடிவிடும். சீட்டும் இருபத்தேழு வருடமும் அதோடு சரி.

"நான் அந்த மேட்டுல இருக்கேன்," என்றான் லைல். "நீ இந்த மரத்தடியில உட்காரு. இன்னிக்கு ஒரே நாள். உட்காரு, அர்டிஸ்."

"உட்காந்துதானே இருக்கேன்."

"நின்னுட்டிருக்க."

உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கட்டையைப் பிடித்திருந்த வலது பெருவிரலுக்கு அடியில் ஏதோ உறுத்தியது. சதுப்பின் ஈரத்தில் அந்த ஒட்டுத் துண்டு மயிரிழை ஊதி, அதன் விளிம்பு எழும்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அர்டிஸின் பெருவிரலுக்கு அது பள்ளத்தாக்கின் நடுவே முளைத்த மலை. கையை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்த மலையை விட்டுவிட்டு மூஸைப் பற்றி எப்படி நினைப்பது?

சாப்பாட்டுப் பெட்டியில் சுரண்டி இருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று கேட்பவர்களுக்கு அர்டிஸைத் தெரியாது. குண்டுகளை எடுத்துப் பையில் போட்டாள். போல்ட்டை உருவிச் சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். துப்பாக்கியை மடியில் கிடத்தினாள். ஒரு காலை மடித்தாள்.

கர்ர். கர்ர். கர்ர்.

மேட்டிலிருந்த லைல் தொலைநோக்கி வழியாகப் பார்த்தான். முதலில் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தானாம். பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. அரை மணி எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம். அவன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தான்.

மதம் பிடித்த ஆண் மூஸ் தன் கொம்பை மரத்தில் போட்டுத் தேய்க்கும். கர்ர் கர்ர் என்ற அந்தச் சத்தம் இன்னொரு ஆணுக்குக் கேட்டால், 'என் இடத்தில் யாரடா அவன்' என்று சண்டைக்கு வரும். பழைய வேட்டைக்காரர்கள் காய்ந்த மாட்டு எலும்பை மரப்பட்டையில் தேய்த்து அப்படி அழைப்பார்கள். நல்ல வால்நட் கட்டை, உள்ளே குடைந்தது, வீணைக் குடம்போல அதிரும். அதில் ஒரு பெண் இரண்டு மணி நேரம் விடாமல் சுரண்டினால் கனடாவிலிருந்துகூட மூஸ் வரும்.

வந்தது. அர்டிஸ் விளிம்பைத் தடவிப் பார்த்து, "ம்," என்று தலை நிமிர்ந்தபோது இருபது அடியில் நின்றது. கொம்பின் அகலம் லைல் கணக்கில் நாலடி, அர்டிஸ் கணக்கில் நாலரை. ஆறடி என்று வைத்துக்கொள்ளலாம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. மூக்கிலிருந்து புகை.

போல்ட் சாண்ட்விச்சோடு இருந்தது.

லைலால் கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக உட்காரவும் முடியவில்லை, எழுந்து நின்றுவிட்டான்.

அர்டிஸ் அவசரப்படவில்லை. இதை லைல் என்னிடம் மூன்று தடவை சொன்னான். மூஸின் கண்ணைப் பார்த்தபடியே ஒரு கையால் இன்னும் ஒருமுறை கட்டையில் கர்ர் என்று இழுத்தாள்; மூஸ் அதைக் கேட்டுக் காதைத் திருப்பியது. மறு கை பெட்டிக்குள் போய்ப் போல்ட்டை எடுத்து வழித்தடத்தில் நுழைத்தது. இழுத்தாள் கர்ர். பையிலிருந்து ஒரு குண்டு. கர்ர். போல்ட்டைத் தள்ளி மூடினாள். மூஸ் ஓர் அடி வைத்தது. அவள் துப்பாக்கியைத் தூக்கினாள்.

அதைப் பற்றி மட்டும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் தூக்கலடி. அதுவா வந்துச்சு. தோள்ல உக்காந்துச்சு, கன்னத்துல உக்காந்துச்சு, கண்ணுக்கு நேரா வந்து நின்னுச்சு. அம்பது வருஷமா நான் துப்பாக்கிக்குப் பின்னாலயே ஓடிட்டிருந்தேன். அது ஒண்ணுதான் எனக்காக வந்துச்சு."

ஒரே குண்டு. மூஸ் இரண்டு எட்டு வைத்து வில்லோவுக்குள் முழங்காலிட்டது.

லைல் வந்து சேர்ந்தபோது அவள் அதன் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றுமில்லை. நடக்கவும் இல்லை, எதையும் திருகவும் இல்லை. பனியின் முதல் துகள்கள் அந்தக் கொம்பில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லைல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"துப்பாக்கி முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

அவள் பெருவிரலால் ஒட்டுத் துண்டைத் தடவினாள். சுரண்டிய இடம் வெளிறி வெறும் மரமாக இருந்தது. "எண்ணெய் ஒரு பூச்சு பாக்கி," என்றாள்.

அதனால் ரூபியின் கடையில் இன்றுவரை வழக்கு ஓடுகிறது. செய்து முடித்த துப்பாக்கியால்தான் சுடுவேன் என்றாள். முடியாத துப்பாக்கியால் சுட்டாள். அப்படியானால் சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா? டெல்பர்ட் தபால்தலை நிஜமாகவே வாங்கிவந்து மேசையில் வைத்தான். பாஸ்டர் ஜோலீன் எண்ணெய் பூசுவது வெறும் அலங்காரம் என்று தீர்ப்புச் சொன்னார். அர்டிஸ் அந்தத் தபால்தலையை டெல்பர்ட்டை இறைச்சி எடுத்துப்போக வரச்சொல்லி அனுப்பிய அட்டையில் ஒட்டினாள்.

முதல் வறுவலை என் வீட்டில் சாப்பிட வந்தார்கள். மேசை ஆடியது. குழம்பு தட்டின் ஒரு பக்கத்துக்கு ஓடியது. அர்டிஸ் இரண்டு வாய் சாப்பிட்டாள், முட்கரண்டியை வைத்தாள், மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"என்னால வந்த ஆட்டம்தானே," என்றாள். "நானே சரி பண்ணித் தரேன். ஒரு மணி நேர வேலை."

"அர்டிஸ்," என்றான் லைல்.

"ஒரே ஒரு கால்தான்பா."

இது நவம்பரில். இப்போது மார்ச். என் மேசை அவள் கொட்டகையில், படகுக்கு அடியில், தலைகீழாகக் கிடக்கிறது. இரண்டு கால் புதியது, ஒன்று பழையது, நாலாவதுக்கு மரம் ஓரிகானிலிருந்து வந்துகொண்டிருக்கிறதாம். நான் துணி தேய்க்கும் பலகையை விரித்து அதில் சாப்பிடுகிறேன். அது ஆடுவதில்லை. அதை மட்டும் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.